மாரப்பன் வேஷம்

லாரி வாங்க வர்றவன் முதல்ல டயரைப் பார்ப்பானுங்க. அப்புறம் குனிஞ்சு வண்டிக்கு அடியில இருக்கற சட்டத்தை, சேஸைப் பார்ப்பான். நீங்க வந்ததுல இருந்து என் மூஞ்சியைத்தான் பார்த்துக்கிட்டு இருக்கீங்க. ஆறு சக்கரமா பத்துச் சக்கரமான்னு கேட்டா, "ஏதோ ஒண்ணு"ங்கறீங்க. ஏதோ ஒண்ணுன்னு பழைய லாரி வாங்க வந்தவனை இந்த நாமக்கல்லுல முப்பது வருஷமா நான் பார்த்ததில்லை.

உட்காருங்க. கூச்சப்படாதீங்க. நாச்சிமுத்து பொண்ணு சௌமியாவைப் பத்தி விசாரிக்கத்தானே வந்தீங்க? மாப்பிள்ளைக்கு நீங்க என்ன வேணும்? தாய்மாமனா? காங்கேயமா ஊரு? அப்படி நேரா சொல்ல வேண்டியதுதானே. தாய்மாமனை அனுப்பிச்சுட்டாங்கன்னா முக்காவாசி முடிஞ்ச மாதிரி. பொண்ணு பார்த்தாச்சு, பொருத்தம் பார்த்தாச்சு, தொழில் செய்யற இடத்துல ஒரு வார்த்தை கேக்கறது ஒண்ணுதான் பாக்கி. நம்ம பக்கத்துல யாரு எவ்வளவு படிச்சாலும் அந்த ஒரு வார்த்தை கேக்காம பொண்ணு எடுக்கறதில்லை.

சரி, கேட்டுக்கங்க. நல்ல ஆளு. நல்ல குடும்பம். பொண்ணு தங்கம். அவ்வளவுதான். கிளம்பலாம் நீங்க.

இருங்க, அதுக்குள்ள எந்திரிக்கறீங்க. டீ சொல்லாம அனுப்புவனா? மணியக்கா, ரெண்டு டீ. ஒண்ணுல சர்க்கரை கம்மி.

ஏனுங்க அப்படிப் பார்க்கறீங்க? சுருக்கமாச் சொல்லிட்டேன்னா? நாச்சிமுத்துவைப் பத்தி நான் விரிவாச் சொல்ல ஆரம்பிச்சா நீங்க இன்னிக்குக் காங்கேயம் போய்ச் சேர மாட்டீங்க. இருபத்திரண்டு வருஷம் ஒரே லாரி யார்டு, ஒரே மேசை. அவன் இந்தப் பக்கம் நாற்காலி, நான் அந்தப் பக்கம் நாற்காலி.

நீங்களும் டி.வி.யில அந்த நாடகம் பார்த்தீங்கதானே? 'குடோன் நம்பர் பதினாறு.' பார்த்தீங்களா, பேரைச் சொன்னதும் முகம் மாறுது பாருங்க! மாப்பிள்ளை வீட்டுலயும் பார்த்தாங்களா? மாப்பிள்ளையுமா? அதைப் பார்த்துட்டுமா அந்த வீட்டுல பொண்ணு எடுக்கறீங்க?

இல்லை, சும்மா கேட்டேன். தப்பா எடுத்துக்காதீங்க. டீ வரட்டும்.

நான் அஞ்சாவதோட பள்ளிக்கூடத்தை முடிச்சுட்டு லாரியில கிளீனரா ஏறினவன். முதல்ல சொந்தமா வாங்கின லாரி, ரெண்டு துண்டா ஒடிஞ்சதை ஒட்டவெச்சு பெயிண்ட் அடிச்சுக் குடுத்த வண்டி. எனக்கு அது தெரியல. சங்ககிரி மேட்டுல பாரத்தோட ஏறறப்ப நடுவுல விட்டுப் போச்சு. அன்னிக்கு ரோட்டோரம் உட்கார்ந்து ஒரு முடிவு பண்ணினேன்: இனி எவன் என்ன சொன்னாலும் பாதியை நம்பறது, மீதியைக் குனிஞ்சு பார்க்கறது. அப்படித்தான் தரகு படிச்சேன். எனக்கு எவனும் சொல்லிக்குடுக்கல. அடிதான் வாத்தியார்.

நாச்சிமுத்துவுக்கு நான் சொல்லிக்குடுத்தேன். அதுதான் வித்தியாசம். மோகனூர்ல இருந்து மஞ்சப்பையோட வந்தான். "அண்ணே, ஏதாச்சும் வேலை குடுங்க"ன்னான். பாவமா இருந்துச்சு, சேர்த்துக்கிட்டேன். பேரத்துக்கு ரெண்டே வித்தைடான்னு சொன்னேன். ஒண்ணு, எதிராளி கேட்டதும் பதில் சொல்லாதே, சும்மா இரு. நீ சும்மா இருக்க இருக்க அவனே ஒரு பதிலைக் கற்பனை பண்ணிக்குவான். ரெண்டாவது, பேரம் இழுத்துக்கிட்டே போனா எந்திரி, துண்டை உதறு, நட. பத்தடி தாண்டறதுக்குள்ள கூப்பிடுவான். கூப்பிடலைன்னா அவன் வாங்க வந்தவனே இல்லை. இந்த ரெண்டு வித்தையில நான் வித்த வண்டி எத்தனைன்னு இந்த யார்டுல நிக்கற வேப்பமரத்தைக் கேளுங்க.

இதை வெச்சுத்தானுங்க என் தலையில மண்ணு விழுந்துச்சு.

போன வருஷம் ஐப்பசியில சென்னையில இருந்து அந்த நாடகக்காரங்க வந்தாங்க. திருட்டு லாரி நிக்கற இடம்னு காட்டறதுக்கு நம்ம யார்டு வேணுமாம். மூணு நாள் வாடகைக்குக் குடுத்தோம். டைரக்டர் சின்ன வயசு. தொப்பியைத் திருப்பிப் போட்டுக்கிட்டு இருந்தாரு. நான் ஒரு சேலத்துக்காரன்கிட்ட பேரம் பேசிக்கிட்டு இருந்ததை ஓரமா நின்னு பார்த்திருக்காரு. பேரம் முடிஞ்சதும் வந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டாரு. "அண்ணே, சூப்பர்ணே! எங்க கதையில மாரப்பன்னு ஒரு தரகர் வர்றாரு. நீங்களே பண்ணுங்க. முப்பது வாரம் வர்ற கேரக்டர்."

என்னைத்தானுங்க கேட்டாங்க. முதல்ல என்னை. அதை மனசுல வெச்சுக்கங்க.

நாள் கூலி இவ்வளவுன்னாங்க. நான் பதிலே சொல்லல, சும்மா இருந்தேன். கொஞ்சம் ஏத்தினாங்க. சும்மா இருந்தேன். இன்னும் கொஞ்சம் ஏத்தினாங்க. இனி இழுக்கலாம்னு தெரிஞ்சுபோச்சு. எந்திரிச்சேன், துண்டை உதறினேன், நடந்தேன்.

பத்தடி. கூப்பிடல. சரி, பட்டணத்துக்காரனுக்குக் கொஞ்சம் மெதுவாத்தான் உறைக்கும்னு நடந்தேன். காது ரெண்டும் முதுகுப் பக்கந்தான் இருந்துச்சு. தண்ணித் தொட்டி தாண்டினேன். எடைமேடை தாண்டினேன். ரோட்டுக்கே வந்துட்டேன். திரும்பிப் பார்த்தா மானம் போயிரும். மணியக்கா கடையில உட்கார்ந்து ஒரு டீ குடிச்சேன். இன்னொரு டீ குடிச்சேன். "என்ன காளியண்ணா, வேலை இல்லையா?"ன்னு அந்தம்மா கேட்டுச்சு. வாயை மூடுன்னேன்.

திரும்பி வந்து பார்க்கறேன், நாச்சிமுத்து லைட் வெளிச்சத்துல நிக்கறான். சட்டை மாத்தியிருக்கான். மூஞ்சியில ஏதோ பூசியிருக்கான். என்னைப் பார்த்ததும் ஓடி வந்தான். "அண்ணே, நீங்க வேண்டாம்னுட்டுப் போயிட்டீங்களாம். என்னைக் கேட்டாங்க. உங்களைக் கேக்காம ஒத்துக்க மாட்டேன்னு சொல்லி நிக்கறேன். என்ன பண்ணட்டும்?"

நான் வேண்டாம்னு சொன்னனா? நீங்களே சொல்லுங்க. நடந்தேன். நடக்கறது வேற, வேண்டாம்கறது வேற. இந்த யார்டுல படுத்திருக்கற நாய்க்குக்கூட அது தெரியும். இருபத்திரண்டு வருஷம் என்கூட இருந்தவனுக்குத் தெரியாதா? "ஐயா, அவரு போகலைங்க, பேரம் பேசறாரு, கூப்பிடுங்க"ன்னு அவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா?

நான் என்ன சொன்னேன்கறீங்களா? "போடா, நல்லாப் பண்ணு"ன்னேன். பெரிய மனுஷன்தானுங்களே நான். வேறென்ன சொல்றது.

டீ எடுத்துக்கங்க. ஆறிப்போகும்.

தை மாசம் நாடகம் ஆரம்பிச்சுது. ஞாயித்துக்கிழமை சாயந்திரம் ஏழு மணி. என் வீட்டுக்காரி பாவாயி, பக்கத்து வீட்டு ரெண்டு பொம்பளைங்க, எல்லாரும் எங்க வீட்டு டி.வி. முன்னாடி. நானும் உட்கார்ந்தேன். தப்பு எங்கெங்கே பண்றான்னு பார்க்கணுமில்ல.

டி.வி.யில நாச்சிமுத்து வந்து நின்னான். துண்டை இடது தோள்ல மடிச்சுப் போட்டிருந்தான். நான் போடற மாதிரி. பேசறதுக்கு முன்னாடி மூக்கை ஒரு தடவை உறிஞ்சினான். அது நானுங்க! "அது கெடக்குது, வண்டியைப் பாருங்க"ன்னு சொன்னான். அது என் வார்த்தை. பக்கத்து வீட்டுக்காரி என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரிக்கறா. "அண்ணா, உங்களை மாதிரியே பேசறாருங்க." என் பேச்சு, என் கை, என் துண்டு. ஆளு மட்டும் அவன். இதுக்கு என்ன பேரு வெக்கறது? வண்டியில இருந்து சாமானைக் கழட்டினா போலீஸ் பிடிக்கும். மனுஷன்கிட்ட இருந்து கழட்டினா கைதட்டறாங்க.

நீங்க பார்த்திருக்கீங்க, கதை தெரியும். இருந்தாலும் சொல்றேன், எனக்கு அந்தக் கதை மேலயே கோபம். மாரப்பன் முதல் வாரம் யோக்கியன். கூட்டாளி தர்மனும் அவனும் அண்ணன் தம்பி மாதிரி. ஒருநாள் ஒரு வண்டி வருது. இன்ஜின் நம்பரைத் தேய்ச்சு வேற நம்பர் அடிச்சிருக்கு. மாரப்பனுக்குத் தெரியுது. அவன் என்ன பண்றான்? ஒண்ணுமே பண்ணல. சும்மா இருக்கான். அவ்வளவுதான் அவன் செஞ்ச முதல் தப்பு. அப்புறம் அதை மறைக்க அரைப் பொய். அரைப் பொய்யைக் காப்பாத்த முழுப் பொய். பத்தாவது வாரம் கோயில்ல கற்பூரத்தை அணைச்சுச் சத்தியம் பண்றான். அந்தக் கதையில வர்ற சப்-இன்ஸ்பெக்டரும் முதல்ல நல்லவன்தான். தங்கச்சி ஆபரேஷன்னு ஒரு தடவை கை நீட்டினவன், அப்புறம் கையை மடக்கவே இல்லை. பதினஞ்சாவது வாரம் மாரப்பன் தர்மனையே போலீஸ்ல காட்டிக்குடுக்கறான். ஒரு பாவமும் அறியாதவனை. அன்னிக்கு மத்தியானமே தர்மன் வீட்டுல போய் உட்கார்ந்து, அவன் பொண்டாட்டி போட்ட சோத்தைச் சாப்பிடறான்.

இப்படியெல்லாமா மனுஷன் கெட்டுப்போவான்? நானும் லாரி ஸ்டாண்டுல வளர்ந்தவன். திருடனைப் பார்த்திருக்கேன், குடிகாரனைப் பார்த்திருக்கேன், ரெண்டு பொண்டாட்டிக்காரனைப் பார்த்திருக்கேன். எவனும் இப்படிப் படிப்படியாக் கெட்டு நான் பார்க்கல. கெட்டவன் பொறக்கறப்பவே கெட்டவன். நல்லவன் கடைசி வரைக்கும் நல்லவன், என்னை மாதிரி. எழுதறவனுக்குத் தெரியல.

ஆனா பாவாயி அழுதாளுங்க. அவன் அந்தச் சோத்தைப் பிசையறப்ப, முந்தானையால மூக்கைத் துடைச்சுக்கிட்டு அழுதா.

"எதுக்குடி அழுவறே? கெட்டது பண்ணினவன் அவன்."

"அதுக்குத்தானுங்க அழுவறேன். நல்லவனா இருந்தானில்ல. அவன் கெட்டுப்போறது அவனுக்கே தெரியல பாருங்க. கையில சோறு எடுக்கறப்பக்கூட தெரியல."

"அது அவனில்லைடி. நாச்சிமுத்து. நம்ம யார்டு நாச்சிமுத்து. வாரா வாரம் நம்ம வீட்டுல மோர் குடிச்சுட்டுப் போறவன்."

"தெரியுங்க. நல்லாப் பண்றாருங்க."

முப்பத்திரண்டு வருஷமாச்சு கல்யாணமாகி. சங்ககிரி மேட்டுல லாரி ஒடிஞ்சு நான் காலை உடைச்சுக்கிட்டு வந்தப்பக்கூட இவ கண்ணுல தண்ணி வரல. "சரி, கஞ்சி குடிங்க"ன்னா. நாச்சிமுத்து பொய்யாச் சோறு திங்கறதுக்கு மூக்கைச் சிந்தறா.

யார்டுல இன்னும் மோசம். வண்டி பார்க்க வர்றவனெல்லாம் என் மேசையைத் தாண்டி அவன்கிட்டப் போறான். "மாரப்பன் கையால வண்டி எடுத்தா ராசி"ங்கறான். ஊரை ஏமாத்தினவன் கை ராசியாம்! ஒருநாள் ஆத்தூர்ல இருந்து குடும்பத்தோட ஒருத்தன் வந்தான். போனை என் கையில குடுத்து, "பெரியவரே, எங்களை மாரப்பன்கூட ஒரு போட்டோ எடுங்க"ன்னான். பெரியவரே! நாச்சிமுத்துவுக்கும் எனக்கும் ஆறு வயசுதான் வித்தியாசம். எடுத்தேன். நாச்சிமுத்து கழுத்துக்குக் கீழ மட்டும் விழற மாதிரி மூணு போட்டோ எடுத்துக் குடுத்தேன்.

அவன் கேட்டான், "ஏண்ணே, என் மேல ஏதாச்சும் வருத்தமா?"

"எனக்கென்னடா வருத்தம்."

"டி.வி.க்காரங்க பேட்டி எடுத்தப்ப உங்க பேரைத்தாண்ணே சொன்னேன். எல்லாம் எங்கண்ணன் காளியண்ணன் சொல்லிக்குடுத்ததுன்னு. அந்த இடத்தை மட்டும் வெட்டிட்டாங்க."

"யாரு வெட்டினா? அவங்களா, நீயா?"

அதுக்கு அவன் பதில் சொல்லல. சும்மா இருந்தான். என்கிட்டயே என் வித்தை.

சித்திரைக் கடைசியில சௌமியாவுக்குக் கரூர்ல இருந்து ஒரு இடம் வந்துச்சு. உங்களுக்கு முன்னாடி. அது உங்களுக்குத் தெரியுமோ என்னமோ. தெரியலைன்னா இப்பத் தெரிஞ்சுக்கங்க, நான் எதையும் மறைக்கற ஆளில்லை. அந்தத் தர்மனைக் காட்டிக்குடுத்த வாரம் முடிஞ்சு, அடுத்த வாரம். மாப்பிள்ளையோட அப்பாவே வந்தாரு. இப்ப நீங்க உட்கார்ந்திருக்கீங்களே, அதே நாற்காலி. நாச்சிமுத்து அன்னிக்கு யார்டுக்கு வரல. மத்தியானம் அவங்க வீட்டுக்கு வந்து உறுதி பண்றதா ஏற்பாடு. அதுக்கு முன்னாடி இங்கே ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போகலாம்னு வந்தாரு.

"ஆளு எப்படிங்க?"ன்னாரு.

நான் ஒண்ணுமே சொல்லலைங்க. சத்தியமா. சும்மா இருந்தேன். மணியக்கா வெச்ச டீயில ஆடை படியற நேரம் சும்மா இருந்தேன். அவரு நாற்காலியில ஒருக்களிச்சு உட்கார்ந்தாரு. "ஏனுங்க, ஏதாச்சும் இருக்குதா?"ன்னாரு.

"நாடகம் பார்க்கறீங்களா?"ன்னு கேட்டேன். பார்க்கறோம்னாரு.

"அதுல மாரப்பனா நடிக்கறானில்ல, அதுக்கு அவனுக்கு எவனும் எதுவும் சொல்லிக்குடுக்கலைங்க. டைரக்டர் என்ன சொன்னாரு தெரியுமா? உங்களுக்கு நடிப்பே வேண்டாம், நீங்க எப்படியோ அப்படியே இருந்தாப் போதும்னாரு. நான் பக்கத்துலதான் நின்னேன்."

இதுல ஒரு எழுத்துப் பொய் இருக்குதா? டைரக்டர் அப்படித்தான் சொன்னாரு. நான் பக்கத்துலதான் நின்னேன். வேணும்னா மெட்ராஸ் போய்க் கேட்டுக்கங்க. மாரப்பன் அரைப் பொய் சொன்னான். நான் முழு உண்மை சொன்னேன். அவரு டீயைக் குடிக்காம எந்திரிச்சுப் போனாருன்னா அதுக்கு நான் பொறுப்பா? மனுஷன் நாடகத்தையும் நெஜத்தையும் பிரிச்சுப் பார்க்க வேண்டாமா? கரூர்க்காரங்க வெவரமானவங்கம்பாங்க, என்ன வெவரமோ.

ஒரு மணிக்கு நாச்சிமுத்து போன் பண்ணினான். "அண்ணே, என்ன இன்னும் வரல? நீங்க இல்லாம தட்டு மாத்தறதா? பெரியப்பன் ஸ்தானம் உங்களுதுதான்." போனேன். போகாம இருந்தா நல்லா இருக்குமா? வாசல்ல கோலம். கூடத்துல ஜமுக்காளம். ஒண்ணரை ஆச்சு, ரெண்டு ஆச்சு, கரூர்க்காரங்க வரல. ரெண்டரைக்குப் போன் வந்துச்சு. நாச்சிமுத்து எடுத்துக்கிட்டு வெளியில போனான். ரொம்ப நேரம் பேசினான். உள்ளே வந்து, "ஏதோ ஜாதகத்துல இடிக்குதாம்"னான். அவன் பொண்டாட்டி உள்ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கிச்சு.

பொண்ணுதான் வந்துச்சு. பட்டுச்சேலையோட. மாப்பிள்ளை வீட்டுக்கு ஆக்கின சோறு, வீணாப் போகக்கூடாதுன்னு எனக்கு இலை போட்டுச்சு. "சாப்பிடுங்க பெரியப்பா. நீங்களாவது நல்லாச் சாப்பிடுங்க."

சாப்பிட்டேன். அரைச்சுவிட்ட சாம்பார். நல்லா இருந்துச்சு, நான் ஏன் பொய் சொல்லணும். ரெண்டாந் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். சோத்து மேல கோபப்படலாமுங்களா?

ஏனுங்க, டீ குடிக்காம அப்படியே வெச்சுட்டீங்க?

வீட்டுக்கு வந்து பாவாயிகிட்டச் சொன்னேன். ஏன் சொன்னேன்னு கேக்காதீங்க. நாச்சிமுத்துவுக்காக அழுதாளே, அவன் பவுசு இவ்வளவுதான், கரூர்க்காரன் ஒரு வார்த்தைக்கே ஓடிட்டான்னு தெரிஞ்சுக்கட்டும்னு சொன்னேன். அவ முறத்துல பருப்புப் புடைச்சுக்கிட்டு இருந்தா. கையை நிறுத்திட்டா.

"மாரப்பனுக்குப் பதினஞ்சு வாரம் ஆச்சுங்க. நீங்க ஒரு டீ ஆறறதுக்குள்ள முடிச்சுட்டீங்க"ன்னா.

என்னத்தைச் சொல்றா இவன்னு எனக்கு இன்னிக்கும் விளங்கல. பொம்பளைங்களுக்கு எதை எதோட சேர்த்துப் பேசறதுன்னு தெரியாது. அன்னில இருந்து என்கூட உட்கார்ந்து அவ நாடகம் பார்க்கறதை நிறுத்திட்டா. மீதிப் பதினஞ்சு வாரமும் பக்கத்து வீட்டுல போய்ப் பார்த்தா. நான் தனியாப் பார்த்தேன்.

கடைசி வாரம் என்ன காட்டினான் பார்த்தீங்கல்ல? மாரப்பனைப் போலீஸ் பிடிக்கல, எவனும் வெட்டல. பெரிய வீடு கட்டிக்கிட்டு உள்ளே உட்கார்ந்திருக்கான். கதவு திறந்தே கிடக்குது. ஒருத்தனும் வரல. அதோட முடிச்சுட்டான். இது ஒரு தண்டனையா? ரெண்டு தட்டு தட்டி உள்ளே தள்ள வேண்டாமா? எனக்கு அன்னிக்குத் தூக்கம் பிடிக்கல, அந்த முடிவு சரியில்லாததால.

நாச்சிமுத்து எப்பவும் போலத்தான் இருக்கான். முன்னாடி அளவுக்குப் பேச்சில்லை. "அண்ணே, சாவி", "அண்ணே, அந்த ஆர்.சி. புக்" அப்படி. பொண்ணு கல்யாணம் தட்டிப்போன வருத்தம்னு விட்டுட்டேன்.

சொல்லுங்க, நீங்க ஏதோ சொல்ல வந்தீங்க. நானே பேசிக்கிட்டு இருக்கேன்.

என்னது?

மறுபடி சொல்லுங்க. நாச்சிமுத்துதான் என்னைப் பார்க்கச் சொன்னானா? நீங்களா வரலையா?

'முதல்ல வந்த இடம் எங்கண்ணன் சொன்ன ஒரு வார்த்தையில தட்டிப்போச்சு. அதை மறைச்சு என் பொண்ணைக் குடுக்க மாட்டேன். என்னை முழுசாத் தெரிஞ்ச ஆளு இந்த ஊர்ல அவர் ஒருத்தர்தான். போய்க் கேளுங்க. அவரு என்ன சொன்னாலும் கேட்டுட்டு, அப்புறம் முடிவு பண்ணுங்க.' இப்படியா சொன்னான்? இதே வார்த்தையிலயா?

அப்ப அவனுக்குத் தெரியும்.

எப்ப இருந்து? அன்னிக்கேவா? அந்தக் கரூர்க்காரன் போன்லயே சொல்லிட்டானா? அப்ப ஜாதகம்னு அவன் சொன்னது, என் மூஞ்சிக்காகச் சொன்னதா? நான் இலை முன்னாடி உட்கார்ந்திருந்தப்பவே...

பொண்ணுக்கு? பொண்ணுக்கு எப்பத் தெரியும்? கேட்டீங்களா அதை?

அன்னிக்கு ராத்திரியே சொல்லிட்டானாமா. சரி.

தீபாவளிக்கு வந்துச்சுங்க அந்தப் பொண்ணு. பத்து நாள்தான் இருக்கும். ஒரு தூக்குல அதிரசம் கொண்டு வந்துச்சு. "பெரியப்பா, உங்களுக்குச் சர்க்கரை இருக்குது, ஒண்ணே ஒண்ணுதான்"னு என் கையில ஒண்ணை வெச்சுட்டு, தூக்கைப் பாவாயிகிட்டக் குடுத்துட்டுப் போச்சு. தெரிஞ்சுக்கிட்டேவா வந்துச்சு?

இருங்க. கொஞ்சம் இருங்க, பேசாதீங்க.

இதுல அவனுக்கு என்ன லாபம்? அதைத்தான் தேடறேன். எந்தப் பேரத்துக்குள்ளயும் எதிராளிக்கு ஒரு லாபம் ஒளிஞ்சிருக்கும். முப்பது வருஷத்துல நான் கண்டுபிடிக்காததில்லை. உங்களை இங்கே அனுப்பாம விட்டிருந்தா கல்யாணம் தானா முடிஞ்சிருக்கும். அனுப்பினா நான் மறுபடி குழி பறிப்பேன்னு அவனுக்குத் தெரியாதா? தெரியும். தெரிஞ்சே அனுப்பறான்னா? என்னை நம்பறானா, சோதிக்கறானா? நம்பினா முட்டாள். சோதிச்சா கெட்டிக்காரன். அவன் ரெண்டும் இல்லையே! இருபத்திரண்டு வருஷமா எனக்குத் தெரியுமே!

பார்த்தீங்களா, இதுலயும் அவன் முந்திட்டான். நடிப்புல முந்தினான், சரி, அது என் கூறுகெட்ட வேலை. இப்ப நல்லவனா இருக்கறதுலயும் முந்திட்டான். எனக்கு என்னதான் மிச்சம் வெச்சான்?

என்ன, போனை எடுக்கறீங்க? யாருக்கு? உங்க அக்காவுக்கா? என் முன்னாடியே பேசுங்க. நான் காதைப் பொத்திக்க மாட்டேன்.

"...ஆமாக்கா, பார்த்துட்டேன். அந்தாளுகூடத்தான் உட்கார்ந்திருக்கேன்... அதெல்லாம் கேட்டாச்சு. இந்தாளுகூட இருபத்திரண்டு வருஷம் ஒரே மேசையில இருந்தும் கெடாத மனுஷன்க்கா. இதுக்கு மேல என்ன விசாரணை வேணும்? உறுதி பண்ணிச் சொல்லிடு."

'இந்தாளு'ன்னு சொன்னது என்னைத்தானே?

சிரிக்காதீங்க. கோபம் இல்லை. ஒரு கணக்குக் கேக்கறேன். இருபத்திரண்டு வருஷம் அவன் கெடலைன்னா, கெடாமப் பார்த்துக்கிட்டவன் யாரு? அந்தப் பேரு யாருக்கு வரணும்? அதையும் உங்க அக்காகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல.

சரி, விடுங்க. பொண்ணு நல்ல பொண்ணு. அதுக்குச் சாம்பார் அரைச்சுவிடத் தெரியும். பெரியவங்களைத் தெரியும். என் வாயால நல்லதா ஒண்ணு சொன்னேன்னு எழுதிக்கங்க.

ஆனா நாச்சிமுத்துகிட்ட நான் இதையெல்லாம் பேசினேன்னு சொல்லாதீங்க. நல்லவிதமாச் சொன்னாருன்னு மட்டும் சொல்லுங்க. நான் கல்யாணத்துக்கு வருவேனோ மாட்டேனோ. கரூர் வண்டி வருது, ஈரோடு வண்டி வருது, வேலை ஜாஸ்தி.

கூப்பிடுவானா? அதைக் கேக்கறீங்களா? கூப்பிடுவானுங்க. கூப்பிடாம இருந்தாத்தான் எனக்கு நிம்மதி. முதல் பத்திரிகையை எனக்குத்தான் கொண்டு வந்து வெப்பான். தாம்பாளத்துல வெத்தலை பாக்கு பழம் வெச்சு, புருஷனும் பொண்டாட்டியும் ரெண்டு பேருமா வந்து என் வாசல்ல நின்னு, "அண்ணே, நீங்கதான் முன்னாடி நின்னு நடத்தித் தரணும்"பான். பாவாயி கதவுக்குப் பின்னாடி நின்னு என்னையே பார்த்துக்கிட்டு இருப்பா.

நான் ரெண்டு கையையும் நீட்டி அந்தத் தட்டை வாங்கணும். அதை எப்படிங்க வாங்கறது?